போஸ்ட்டாக்குகளுக்காக ஒரு பல்கலைக்கழகம் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளம் உதவிப் பேராசிரியர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பல்கலைக்கழகத்தில் இப்போது 14 போஸ்ட்டாக்குகள், அதாவது டாக்டர் பட்டம் முடித்துவிட்டுக் குறிப்பிட்ட காலத்துக்கு ஆய்வு செய்கிறவர்கள், இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒருங்கிணைப்பாளராக என்னைப் போட்டிருக்கிறார்கள். தனி நிதி எதுவும் இல்லை. மனநலம் பற்றி ஒரு கருத்தரங்கும், ஆய்வுக் கட்டுரை எழுதுவது பற்றி ஒரு பயிற்சியும் நடத்தலாம் என்று நினைக்கிறேன். வேறு என்ன செய்யலாம், எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?"

கருத்தரங்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நாளைக் காலையில் ஃபைனான்ஸ் செக்‌ஷனுக்குப் போங்கள். அந்த 14 பேரில் எத்தனை பேருக்குப் போன மாத ஃபெலோஷிப் வங்கியில் ஏறியிருக்கிறது, ஏறாதவர்களுக்கு எத்தனை மாதப் பாக்கி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நான் இரண்டு ஊர்களில் சேர்த்து ஐந்து வருடம் போஸ்ட்டாக்காக இருந்தேன். அதற்கப்புறம் டெல்டாவிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் நீங்கள் இப்போது ஏற்றிருக்கும் பொறுப்பைச் சில வருடம் பார்த்தேன். என்னிடம் வந்து அழுதவர்களில் பாதிப் பேருடைய பேச்சு பணத்தில்தான் ஆரம்பித்தது. ஆறு மாதமாகச் சம்பளம் வராத ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது அவரை இன்னும் நோகடிக்கும்.

பணம் ஏன் தாமதமாகிறது என்பது உங்களுக்குத் தெரிந்தால்தான் செக்‌ஷனில் பேச முடியும். மைய அரசு நிறுவனங்கள் ஆண்டுக்கு ஆண்டு பணம் விடுகின்றன. முதல் ஆண்டுப் பணத்துக்கான பயன்பாட்டுச் சான்றிதழும், அதாவது எல்லாரும் யூசி என்று சொல்வதும், செலவுக் கணக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாம் ஆண்டுப் பணம் வரும். மார்ச் 31 கணக்கு முடித்து, ஆடிட்டர் கையெழுத்து வாங்கி, பதிவாளர் கையெழுத்து வாங்கி, அனுப்பி, அங்கே ஒருவர் பார்த்து, ஒரு சின்னத் தவறுக்குத் திரும்பி வந்து, மறுபடி அனுப்புவதற்குள் ஆடி பிறந்துவிடும். இதில் போஸ்ட்டாக்கின் தவறு எதுவும் கிடையாது. ஆனால் வீட்டு வாடகைக்கு ஓனரிடம் தவணை கேட்டு நிற்பது அவர்தான்.

இதற்கு வழி உண்டு. தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப், எல்லாரும் என்பிடிஎஃப் என்று சொல்வது, முன்பு மைய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான செர்ப் நடத்தியது, இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கீழ் வருகிறது. அதில் வரும் ஒவ்வொருவருக்கும் ஃபெலோஷிப்போடு ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாயும், நிறுவனத்தின் பொதுச் செலவுக்கு ஓவர்ஹெட் என்று ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாயும் உண்டு. இந்த ஒரு லட்சம் பல இடங்களில் பொதுக்கணக்கில் கரைந்து போகிறது. அதைத் தனியே எடுத்து ஒரு சுழல் நிதியாக வைக்கும்படி நிதிக்குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். கணக்கு எளிது. ஒருவருக்கு மாதம் 58,000 என்று வைத்தால், ஐந்து பேருக்கு மூன்று மாதம் முன்பணம் கொடுக்க 8 லட்சத்து 70 ஆயிரம் வேண்டும். ஐந்து என்பிடிஎஃப் ஆட்கள் இரண்டு வருடத்தில் கொண்டுவரும் ஓவர்ஹெட் 10 லட்சம். டெல்லியிலிருந்து பணம் வந்ததும் சுழல் நிதிக்குத் திரும்பிவிடும், பல்கலைக்கழகத்துக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நிதி அலுவலர் 'விதியில் இடமில்லை' என்பார். இடம் இருக்கிறதா என்று பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டில் கேட்டுத் தீர்மானம் போடலாம், அதற்குத்தானே சிண்டிகேட் இருக்கிறது. உங்கள் ஒருங்கிணைப்பாளர் பதவியில் இந்த ஒரு தீர்மானத்தை மட்டும் வாங்கிவிட்டால்கூடப் போதும் என்பேன்.

58,000 என்று நான் சொன்னது ரிசர்ச் அசோசியேட், அதாவது ஆய்வுத் திட்டங்களில் போஸ்ட்டாக்குக்குத் தரும் பதவி, அதன் முதல் நிலைக்கு, ஜனவரி 1, 2023 முதல் அமலில் உள்ள தொகை. இரண்டாம் நிலைக்கு 61,000, மூன்றாம் நிலைக்கு 67,000. இதோடு வீட்டு வாடகைப்படி மைய அரசு விதிப்படி வரும், ஹாஸ்டல் தராத பட்சத்தில். இங்கே டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. திருச்சி 'ஒய்' வகை நகரம், அங்கே 20 சதவீதம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் 'இசட்', 10 சதவீதம். அதாவது அதே வேலைக்குத் திருச்சியில் 11,600, தஞ்சாவூரில் 5,800. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு சின்ன வீடு 5,800க்குக் கிடைக்குமா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். ஆகவே காலியாகக் கிடக்கும் குவார்ட்டர்ஸில் இரண்டோ மூன்றோ போஸ்ட்டாக்குகளுக்கு என்று ஒதுக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. திருமணமானவர்களை ஆய்வாளர் ஹாஸ்டலில் விடமாட்டார்கள், தற்காலிக ஆட்களைக் குவார்ட்டர்ஸில் விடமாட்டார்கள். நடுவில் நிற்பவருக்குக் கூரை எங்கே?

இந்த 'நடுவில் நிற்பது'தான் விஷயத்தின் வேர் என்று நினைக்கிறேன். நான் முதலில் சேர்ந்த இடத்தில், கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணனிடம் ஒரு நீளமான நோட்டு இருந்தது. அதில் சிவப்பு மையில் கோடு போட்டு, இடது பக்கம் 'ஸ்டாஃப்', வலது பக்கம் 'ஸ்டூடண்ட்'. முதல் நாள் காலையில் அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எதுலம்மா வருவீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. டாக்டர் பட்டம் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 'விசிட்டர்' என்ற தலைப்பின் கீழ் என் பெயரை எழுதினார். இரண்டு வருடமும் அந்தப் பக்கத்திலேதான் கையெழுத்துப் போட்டேன். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்குக் கொடுத்த நோட்டு அப்படி. அந்த நோட்டைப் போலத்தான் நூலகமும் இருந்தது, மருத்துவ மையமும் இருந்தது, இமெயில் கணக்கும் இருந்தது. மாணவருக்கு மூன்று புத்தகம், ஆசிரியருக்குப் பத்துப் புத்தகம், எனக்கு அங்கேயே உட்கார்ந்து படிக்க அனுமதி.

ஆகவே ஃபைனான்ஸ் செக்‌ஷனுக்கு அடுத்து ஐடி கார்டு. 'முனைவர் பட்ட மேலாய்வாளர்' என்று ஒரு தனி வகை, அதற்கு நூலகம், ஆய்வகச் சாவி, இணையம், மருத்துவ மையம், விடுப்பு எல்லாம் ஆசிரியர் அளவில் என்று ஒரே ஒரு சுற்றறிக்கை. செலவே இல்லாத வேலை. பதிவாளர் மனது வைத்தால் ஒரு வாரத்தில் முடியும்.

விடுப்பு பற்றி ஒரு வார்த்தை. டாக்டர் பட்டம் வாங்கும் முன் உதவித்தொகையில் ஆய்வு செய்யும் ஜேஆர்எஃப், எஸ்ஆர்எஃப் ஆட்களுக்குத் தற்செயல் விடுப்பு மட்டும்தான், ஆனால் ரிசர்ச் அசோசியேட்டுகளுக்கு நிறுவனத்தின் விடுப்பு விதிகள் பொருந்தும், மகப்பேறு விடுப்பு எல்லா நிலைக்கும் உண்டு என்று மைய அறிவியல் தொழில்நுட்பத் துறை தன் விதிகளில் தெளிவாகச் சொல்கிறது. இது தெரியாத கைடுகள், அதாவது ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர்கள், நிறையப் பேர். ஏழாம் மாதம் வரை வயிற்றை துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். சொன்னால் ஃபெலோஷிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்திருந்தாள். அவளிடம் யாராவது ஒருவர் முதல் நாளே அந்த வரியைக் காட்டியிருந்தால் போதும். பாலியல் தொந்தரவுப் புகார்களுக்கும் இதே கதை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தற்காலிக, ஒப்பந்த ஊழியர்களையும் சேர்த்தேதான் பேசுகிறது, ஆகவே போஸ்ட்டாக் உள்புகார்க் குழுவுக்குப் போகலாம். அந்தக் குழுத் தலைவரின் பெயரையும் அறை எண்ணையும் சேரும் நாளில் கொடுக்கும் தாளில் அச்சிடுங்கள்.

மருத்துவக் காப்பீடு இன்னொரு ஓட்டை. இவர்களுக்கு ஈபிஎஃப் கிடையாது, ஈஎஸ்ஐ கிடையாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு. போஸ்ட்டாக் அதைத் தாண்டிவிடுகிறார். அரசு ஊழியர் காப்பீட்டிலும் வரமாட்டார். உங்கள் பல்கலைக்கழகம் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுக் காப்பீட்டில் இந்த 14 பேரையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பிரீமியத்தை அவர்களே கட்டத் தயாராக இருப்பார்கள். தனியாக எடுப்பதைவிடக் குழுவில் மலிவு, ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலமும் பெரும்பாலும் இருக்காது.

சரி, இதெல்லாம் அடித்தளம். இனி வேலைக்கு வருகிறேன்.

காவிரிப் பாசனத்தை நம்பி ஆய்வு செய்கிறவர்களுக்கு 24 மாதம் என்பது 24 மாதம் கிடையாது. வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தால் குறுவை. சம்பாவுக்கு ஆவணியில் நாற்றங்கால், தை, மாசியில் அறுவடை. நவம்பரில் வந்து சேர்கிற ஒரு போஸ்ட்டாக் அந்த வருடச் சம்பாவில் நாற்றையும் நடவையும் பார்க்கவே முடியாது. அவருக்குக் கிடைப்பது அடுத்த வருடச் சம்பா ஒன்று. அதற்கடுத்த சம்பா பாதியில் நிற்கும்போது அவருடைய காலம் முடிந்துவிடும். இரண்டு வருட ஃபெலோஷிப்பில் ஒரே ஒரு முழுப் பருவம். அந்த ஒரு பருவத்தில் தண்ணீர் ஏமாற்றினால்? 2023இல் ஜூன் 12க்கே திறந்தும் குறுவை பல இடங்களில் காய்ந்தது. 2024இல் ஜூலை 28க்குத்தான் திறந்தார்கள். குறுவையை நம்பித் திட்டம் போட்டிருந்தவர்களுக்கு அந்த வருடம் போனது போனதுதான்.

ஆகவே நெல், மண், மீன், கழிமுகம் என்று இயற்கையோடு வேலை பார்க்கிறவர்களுக்கு, சேரும் தேதியை முன்பின் நகர்த்த இடமிருந்தால் ஆடி மாதத்துக்குள் சேர்த்துவிடுங்கள். அதோடு, வயலில் எதுவும் நடக்காவிட்டாலும் எழுதக்கூடிய ஒரு இரண்டாவது வேலை, பழைய தரவு வைத்தோ வேறொருவரின் விதைச் சேகரிப்பு வைத்தோ, முதல் மாதத்திலேயே கையில் இருக்கவேண்டும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இலிருந்து நடக்கிறது, திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. எல்லாமே ஒரு பேருந்துப் பயண தூரம். பக்கத்து நிறுவனத்தில் ஒரு கூட்டு வேலையை ஏற்படுத்திக் கொடுப்பது ஒருங்கிணைப்பாளர் கையில் இருக்கிறது. போஸ்ட்டாக் தானாகப் போய்க் கதவைத் தட்டினால் 'நீங்க யாரு?' என்பார்கள். நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் உட்காரச் சொல்வார்கள்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நான் பட்டுக்கோட்டைப் பகுதியில் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். குலைநோய் தாக்கிய நெல் இலைகளைச் சேகரித்து ஆர்என்ஏ பிரித்து மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைத்திருந்தேன், பதினாலு மாத வேலை. கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. ரோடு முழுக்கத் தென்னை விழுந்து கிடந்தது. ஆய்வக உதவியாளரும் நானும் இரண்டு இருபது லிட்டர் கேனை எடுத்துக்கொண்டு விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்து போனோம். பங்க்கில் சாயங்காலம் வரை நின்று ஒரு கேன் கிடைத்தது. அன்றைய ராத்திரி ஓடியது. மூன்றாம் நாள் காலையில் ஃப்ரீசரின் கதவில் இருந்த சிவப்பு எண் பூஜ்யத்தைத் தாண்டி மேலே போயிருந்தது. கதவைத் திறந்தபோது உறைபனி தண்ணீராகி, டப்பாக்களின் மேல் நான் பேனாவால் எழுதிய தேதிகள் கரைந்து நீலமாக வழிந்துகொண்டிருந்தன. சுற்றிலும் வீடும் தோப்பும் போன மக்கள், அந்த நேரத்தில் என் குழாய்களைப் பற்றி வாய்திறக்கவே கூச்சமாக இருந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததுதான் இந்தப் பதிலுக்குச் சம்பந்தப்பட்டது. கால நீட்டிப்புக் கேட்டு எழுத, இழப்பை உறுதிசெய்து நிறுவனத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம் வேண்டும் என்றார்கள். அந்தக் கடிதம் யார் எழுதுவது என்று மூன்று மேசை சுற்றியது. நான் ஊழியர் இல்லை, ஆகவே ஊழியர் பிரிவு எழுதாது. மாணவரும் இல்லை, ஆகவே கல்விப் பிரிவு எழுதாது. கடிதம் கடைசி வரை வரவில்லை, ஃபெலோஷிப் சொன்ன தேதியில் முடிந்தது. எனக்கு வேண்டியிருந்தது பணமோ ஆறுதலோ கிடையாது. 'இன்னாருடைய மாதிரிகள் இன்ன தேதியில் மின்தடையால் கெட்டன' என்று ஒரு முத்திரையோடு இரண்டு வரி. உங்களிடம் ஒரு போஸ்ட்டாக் இப்படி வந்தால் அந்த இரண்டு வரியை அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். ஐப்பசிக்கு முன்னால் ஒவ்வொரு ஆய்வகத்திலும் ஜெனரேட்டர் டீசல் இருப்பையும், மாதிரிகளில் பாதியை வேறொரு கட்டடத்தில் வைத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைடு விஷயம். பல போஸ்ட்டாக்குகளின் நிம்மதி ஒரே மனிதரின் முகத்தைப் பொறுத்து இருக்கிறது. நல்ல கைடு கிடைத்தவர் பிழைத்தார். கிடைக்காதவருக்கு வேறு போக்கிடம் இருக்கவேண்டும். வேறு துறையிலிருந்து ஒரு மூத்த ஆசிரியரை ஒவ்வொருவருக்கும் இரண்டாவது ஆளாக வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் டீ குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினால் போதும், அறிக்கை எதுவும் வேண்டாம். அதைவிட முக்கியம், சேர்ந்த முதல் மாதத்தில் கைடும் போஸ்ட்டாக்கும் சேர்ந்து ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுவது. எந்தக் கட்டுரைக்கு யார் முதல் ஆசிரியர், வாரத்தில் எத்தனை நாள் போஸ்ட்டாக்கின் சொந்த யோசனைக்கு, அவர் கிளம்பும்போது எந்தத் தரவை, எந்த விதையை, எந்த நுண்ணுயிரை எடுத்துப் போகலாம். கடைசி வரிதான் சண்டைக்கு இடம். தன் கையால் பிரித்தெடுத்த பாக்டீரியாவை விட்டுவிட்டு வெறுங்கையோடு போகிறவர் அடுத்த இடத்தில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும். கைடுகள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். முதல் மாதத்தில் வரும் கோபம் சின்னது, இருபத்துமூன்றாம் மாதத்தில் வரும் கோபம் பெரிது.

நேரம் பற்றி இங்கிலாந்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அங்கே பல்கலைக்கழகங்களும் நிதி தரும் அமைப்புகளும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாடு, 2019இல் திருத்தியது. அதன்படி ஆய்வாளர் ஒருவருக்குத் தன் தொழில் வளர்ச்சிக்கு என்று ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் தரவேண்டும். பாடம் எடுத்துப் பழகலாம், ஒரு கம்பெனியில் போய்ப் பார்க்கலாம், தேர்வுக்குப் படிக்கலாம். உங்கள் சுற்றறிக்கையில் இந்தப் பத்து நாளைச் சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் நீங்கள் நினைக்கிற பயிற்சிக்குக்கூட ஆள் வருவார். இல்லாவிட்டால் கைடு அனுப்பமாட்டார்.

அந்தப் பத்து நாளை எதற்குச் செலவிடுவது? பெரும்பாலோர் மனதில் இருப்பது உதவிப் பேராசிரியர் வேலை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைகளில், நேர்முகத் தேர்வுக்கு ஆள் பொறுக்கும் மதிப்பெண் பட்டியலில், கற்பித்தல் அல்லது போஸ்ட்டாக் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. ஐந்து வருடத்துக்கு மேல் போஸ்ட்டாக்காக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. இதை இரண்டாம் வருட முடிவில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் சொல்லவேண்டும், நாசூக்காகச் சுற்றி வளைக்காமல். ஆறாவது, ஏழாவது வருடம் என்று ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. என்பிடிஎஃப்புக்கே வயது வரம்பு 35, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 வருடத் தளர்வு. வயது ஏறஏறக் கதவு ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்கிறது.

ஒரு பாடம் எடுக்கக் கொடுங்கள். ஒரு செமஸ்டரில் ஒரு யூனிட் போதும். அதை எழுத்தில் பதிவு செய்யுங்கள். துறைத் தலைவர்கள் சிலர் இதைச் சாக்காக வைத்து முழுப் பாடத்தையும் போஸ்ட்டாக் தலையில் கட்டிவிடுவார்கள், அதையும் கண்காணியுங்கள்.

கல்லூரி வேலைக்கு வெளியேயும் டெல்டாவில் இடம் இருக்கிறது, ஆனால் அதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாக ஆரம்பித்ததுதான். அதைச் சுற்றி உணவுத் தொழில் செய்கிறவர்கள் வந்து போகிறார்கள். உணவுப் பரிசோதனைக் கூடங்களுக்கு டாக்டர் பட்டம் வாங்கிய, கருவிகளைக் கையாளத் தெரிந்த ஆட்கள் தேவை. வாழைத் திசு வளர்ப்புக் கூடங்கள், விதை நிறுவனங்கள், காப்புரிமை முகவர் தேர்வு, அறிவியல் பதிப்பு வேலை, பெரிய திட்டங்களை நிர்வகிக்கும் வேலை, இப்படி. வருடத்துக்கு இரண்டு முறை, ஆய்வை விட்டு வேறு வேலைக்குப் போன உங்கள் பழைய மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசவையுங்கள். மேடை, பொன்னாடை வேண்டாம். ஒரு வகுப்பறையில் வட்டமாக உட்கார்ந்து 'எவ்வளவு சம்பளம், எப்படிப் போனீர்கள், வருத்தம் இருக்கிறதா' என்று கேட்க விடுங்கள்.

கலை, இலக்கியம், வரலாறு பக்கத்து ஆட்களை மறந்துவிடாதீர்கள். சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஆய்வகக் கூட்டம்கூடக் கிடையாது. பேச ஆளில்லாமல் வாரக்கணக்கில் போகும். அவர்களுக்குக் கிடைக்கும் ஃபெலோஷிப் வழிகளும் குறைவு. மாதம் ஒரு மதியம் எல்லாத் துறை போஸ்ட்டாக்குகளும் சேர்ந்து சாப்பிட ஏற்பாடு செய்தால் இவர்களுக்குத்தான் அதிகப் பயன். ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்திருப்பவர்களுக்கும்தான். வீடு பார்க்க, கேஸ் இணைப்பு வாங்க, ராத்திரிக் காய்ச்சலுக்கு எந்த ஆஸ்பத்திரி போக என்று கேட்கத் தமிழ் தெரிந்த ஒருவர் போன் எண் அவர்களிடம் இருக்கட்டும்.

இனி மனநலம். 2020இல் நேச்சர் என்ற அறிவியல் இதழ் உலகம் முழுக்க 7,600க்கும் மேற்பட்ட போஸ்ட்டாக்குகளிடம் கேட்டபோது, பாதிப் பேர் மனச்சோர்வு, பதற்றம் போன்ற காரணங்களால் ஆய்வையே விட்டுவிட நினைத்ததாகச் சொன்னார்கள். நம் ஊரில் இதோடு குடும்பமும் சேர்கிறது. கல்யாண வீட்டில் பெரியம்மா "இன்னும் படிக்கிறியாப்பா?" என்பார். தங்கை கல்யாணக் கடன், அப்பாவின் வயல் குத்தகை, எல்லாம் இந்த ஃபெலோஷிப்பைப் பார்த்து நிற்கும்.

இதில் ராமானுஜனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பட்டம் இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு என்று ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதற்கு முன் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா. 1914இல் கேம்பிரிட்ஜுக்குப் போனபோது ஆண்டுக்கு 250 பவுண்ட் கொடுத்தார்கள், அதில் 50 பவுண்ட் இங்கே அவருடைய குடும்பத்துக்கு என்று ஒதுக்கியே கொடுத்தார்கள். கும்பகோணத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவேண்டும் என்பதை அந்தக் காலத்து நிர்வாகம் உதவித்தொகைக் கணக்கிலேயே யோசித்திருக்கிறது. ஆனால் அங்கே அவர் என்ன சாப்பிட்டார், யாரோடு பேசினார் என்று பார்க்க ஆளில்லை. உடம்பு கெட்டு ஊர் திரும்பி 32 வயதில் போய்ச் சேர்ந்தார்.

நீங்கள் நடத்த நினைக்கும் கருத்தரங்கு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதை ஃபெலோஷிப் பாக்கி தீர்ந்த மாதத்தில் வையுங்கள். வெளியிலிருந்து ஒரு மனநல ஆலோசகரை மாதம் இருமுறை வரச் சொல்லி, நிர்வாகக் கட்டடத்தில் இல்லாமல், யார் போகிறார்கள் என்று யாரும் கவனிக்காத ஓர் அறையில் உட்காரவையுங்கள். ஆலோசகர் யாரிடமும் எதுவும் சொல்லமாட்டார் என்பதை எழுத்தில் கொடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அதை ஐடி கார்டின் பின்பக்கமே அச்சடித்துவிடலாம். ஒருவர் இரண்டு வாரமாக மதியச் சாப்பாட்டுக்கு வருவதில்லை, ஆய்வகத்தில் விளக்கு ராத்திரி இரண்டு மணிக்கும் எரிகிறது என்று துப்புரவுப் பணியாளர் அக்காவுக்கோ செக்யூரிட்டிக்கோதான் முதலில் தெரியும். அவர்களிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, 'ஏதாவது தோணினா கூப்பிடுங்க' என்று சொல்லி வையுங்கள். நான் அப்படிச் சொல்லி வைத்ததால் ஒரு பையனின் அறைக் கதவை நேரத்தில் தட்ட முடிந்தது. இப்போது அவர் ஒரு அரசுக் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறார்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் விட்டுவிடாதீர்கள். ஒருவர் காலம் முடிந்து கிளம்பும்போது அவருக்குச் சான்றிதழ் தேவை. சேர்ந்த தேதி, முடித்த தேதி, என்ன பதவி, மாதம் எவ்வளவு, எடுத்த வகுப்புகளின் மணிக்கணக்கு, பதிவாளர் கையெழுத்து. ஆண்டுக்கு 2 மதிப்பெண் என்று மேலே சொன்னேனே, இந்தத் தாள் இல்லாவிட்டால் அது கிடைக்காது. என்னோடு இருந்த ஒருவர் இந்தக் கையெழுத்துக்காக குவாஹாட்டியிலிருந்து ரயிலேறி வந்து, பதிவாளர் விடுப்பில் என்று மூன்று நாள் தஞ்சாவூர்ப் பேருந்து நிலையம் பக்கம் லாட்ஜில் தங்கிக் காத்திருந்தார். உங்களிடம் இப்போது 14 பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரின் முடிவுத் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி, அதற்கு ஒரு மாதம் முன்னால் சிவப்பில் ஒரு குறி போட்டு வையுங்கள். அந்தக் குறி வரும் வாரம் சான்றிதழைத் தட்டச்சு செய்யக் கொடுத்துவிடுங்கள்.